பழைய தனிக்கணினிகளில் கோப்பு மாற்றம்

பழைய தனிக்கணினிகளில் கோப்பு மாற்றம் என்பது, வலையமைப்பு வசதியோ யுஎஸ்பி துளையோ இல்லாத 1970கள், 1980கள், 1990களின் கணினிகளிலிருந்து கோப்புகளை வேறு கணினிக்குக் கொண்டுசெல்லும் முறைகளையும் அதற்கான மென்பொருள்களையும் குறிக்கும். எக்ஸ்மோடம் (1977), கெர்மிட் (1981), இசட்மோடம் (1986) ஆகியவை இவ்வகையில் பெரிதும் பயன்பட்ட நெறிமுறைகள். தமிழைப் பொறுத்தவரை இது வெறும் தொழில்நுட்ப வரலாறு அன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் நூல்கள், மலர்கள், கடிதங்கள், ஊர் வரலாறுகள் பல இன்னும் பழைய நெகிழ் வட்டுகளிலும் வன்தட்டுகளிலும் இருக்கின்றன. அவற்றை வெளியே எடுக்க மூன்று தடைகளைக் கடக்க வேண்டும். பழைய கணினியில் முதல் நிரலை ஏற்றுவது ஒன்று. பைட்டுகள் கெடாமல் வந்து சேருவது இரண்டு. வந்த பைட்டுகளை மீண்டும் தமிழ் எழுத்தாகப் படிப்பது மூன்று.

பின்னணி

ஐபிஎம் நிறுவனம் தன் தனிக்கணினியை 1981இல் வெளியிட்டது. 1983இல் வந்த எக்ஸ்டி மாதிரியில் 10 மெகாபைட்டு வன்தட்டு இருந்தது. அக்காலத்தில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பைக் கொண்டுபோகும் எளிய வழி 5.25 அங்குல நெகிழ் வட்டுதான். அதன் கொள்ளளவு 360 கிலோபைட்டு.

ஆனால் வட்டுகள் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக அமையவில்லை. பின்னர் வந்த 1.2 மெகாபைட்டு வட்டை 360 கிலோபைட்டு இயக்கி படிக்காது. 1.2 மெகாபைட்டு இயக்கியில் எழுதப்பட்ட 360 கிலோபைட்டு வட்டுகூடப் பழைய இயக்கியில் சில வேளை படிக்கப்படாது. புதிய இயக்கியின் எழுதுமுனை மெல்லியது, அது இடும் தடமும் குறுகியது. 1986, 1987 ஆண்டுகளில் ஐபிஎம் கணினிகளிலும் 3.5 அங்குல வட்டுகள் இடம்பெறத் தொடங்கியபோது இரு வகைக் கணினிகளுக்கும் இடையில் வட்டே பொருந்தவில்லை. இரு கணினிகளிலும் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று சீரியல் போர்ட். ஆகவே கோப்பு மாற்றம் கம்பி வழியே நடக்க வேண்டியதாயிற்று.

முதல் நிரலை ஏற்றும் சிக்கல்

கம்பி வழியே கோப்பைப் பெறுவதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருளும் ஒரு கோப்புதான். அதைப் பழைய கணினிக்குள் எப்படிக் கொண்டுசெல்வது? கோழியா முட்டையா என்ற கேள்விக்கு நிகரான இந்தச் சிக்கலை அக்கால நிரலாளர்கள் சில வழிகளில் தீர்த்தனர்.

எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தில் சீரியல் போர்ட்டிலிருந்து வருவதை நேரே ஒரு கோப்பாகச் சேமிக்க 'காப்பி' கட்டளையே போதும். ஆனால் அதில் இரண்டு குறைகள் உண்டு. வழியில் பிழை நேர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை. மேலும் 26 என்ற மதிப்புள்ள பைட்டு வந்தவுடன் கோப்பு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். எழுத்துக் கோப்புக்கு இதனால் தீங்கில்லை. இயங்கு நிரல்களில் 26 எங்கு வேண்டுமானாலும் வரும் என்பதால் அவை பாதியிலேயே நின்றுவிடும்.

இதற்குக் கெர்மிட் குழுவினர் கண்ட தீர்வு நிரலை எழுத்தாக மாற்றி அனுப்புவது. மூன்று பைட்டுகளை நான்கு சாதாரண எழுத்துகளாக மாற்றிய இக்கோப்புகள் 'பூ' கோப்புகள் எனப்பட்டன. அவற்றை மீண்டும் நிரலாக்கும் சிறிய பேசிக் நிரல் ஒன்று அச்சிட்டுத் தரப்பட்டது. டாஸ் கணினிகளில் பேசிக் மொழி பெரும்பாலும் உடன் வந்தது. எனவே பயனர் அந்தச் சில வரிகளைக் கையால் தட்டச்சு செய்தால் போதும். மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு வழி, பழைய கணினியின் கட்டுப்பாட்டையே கம்பிக்கு ஒப்படைப்பது. 'மோட்' கட்டளையால் சீரியல் போர்ட்டின் வேகத்தைக் குறித்துவிட்டு 'சிடிடிஒய்' கட்டளையை இட்டால், விசைப்பலகைக்குப் பதிலாகக் கம்பியில் வரும் எழுத்துகளை டாஸ் கட்டளைகளாக ஏற்கும். லாப்லிங்க் மென்பொருளின் பிற்காலப் பதிப்புகள் இந்த முறையில் தம்மைத் தாமே எதிர்க்கணினியில் நிறுவிக்கொண்டன. 1993இல் வந்த எம்எஸ்-டாஸ் 6 பதிப்பில் இருந்த 'இன்டர்சர்வர்' நிரலுக்கும் இவ்வசதி உண்டு.

எக்ஸ்மோடம்

சிகாகோவைச் சேர்ந்த வார்ட் கிறிஸ்டென்சன் 1977இல் உருவாக்கியது எக்ஸ்மோடம். இது கோப்பை 128 பைட்டுகள் கொண்ட துண்டுகளாக்கி அனுப்பும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் அதிலுள்ள மதிப்புகளின் கூட்டுத்தொகை ஒரு பைட்டில் செல்லும். பெறும் கணினி தானும் கூட்டிப் பார்க்கும். சரியாக இருந்தால் அடுத்த துண்டைக் கேட்கும். தவறானால் அதே துண்டை மீண்டும் கேட்கும்.

நாஞ்சில் நாட்டின் பழைய வணிக ஊரான கோட்டாற்றின் கம்போளத்திலிருந்து ஒருவர் வெளியூர்க் கடைக்குச் சரக்கு அனுப்புவதாகக் கொள்வோம். ஒவ்வொரு வண்டியோடும் மொத்த எடையை எழுதிய சீட்டு ஒன்று போகும். கடைக்காரர் நிறுத்துப் பார்த்து, எடை குறைந்தால் அந்த வண்டிச் சரக்கை மட்டும் திரும்பக் கேட்பார். எக்ஸ்மோடத்தின் கூட்டுத்தொகை இத்தகைய சீட்டே. ஒரு மூட்டையில் இரண்டு கிலோ குறைந்து இன்னொன்றில் இரண்டு கிலோ கூடினால் சீட்டு சரியாகவே இருக்கும். கூட்டுத்தொகைக்கும் இதே பலவீனம் உண்டு. அதனால்தான் பின்னர் சிஆர்சி என்னும் வலுவான சரிபார்ப்பு சேர்க்கப்பட்டது.

இன்று மெதுவாகத் தோன்றும் இந்த 'அனுப்பு, காத்திரு' முறை பழைய கணினிக்குப் பொருத்தமாகவே இருந்தது. முதல் தனிக்கணினிகளின் சீரியல் போர்ட்டில் இருந்த 8250 சில்லு ஒரே ஓர் எழுத்தைத்தான் பிடித்து வைத்திருக்கும். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள் வரும். கணினி வட்டில் எழுதச் சென்ற நேரத்தில் அடுத்த எழுத்து வந்தால் முந்தையது அழிந்துபோகும். ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் அனுப்புபவர் நின்றுகொண்டால் அந்த இடைவெளியில் வட்டில் எழுதிவிடலாம்.

1986இல் சக் ஃபோர்ஸ்பெர்க் எழுதிய இசட்மோடம், நிற்காமல் அனுப்பிப் பிழை நேர்ந்தால் மட்டும் பின்னோக்கிச் செல்லும். தொலைபேசி இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கெர்மிட்

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981இல் ஃபிராங்க் டா குரூஸ், பில் கேச்சிங்ஸ் ஆகியோர் கெர்மிட்டை உருவாக்கினர். மாணவர்கள் பெரிய கணினியில் வைத்திருந்த கோப்புகளைச் சிறு கணினிகளின் வட்டுகளில் சேமிக்க வேண்டும் என்பதே தொடக்க நோக்கம். மப்பெட் என்னும் தொலைக்காட்சிப் பொம்மலாட்டத்தின் தவளைப் பாத்திரத்தின் பெயர் இதற்கு இடப்பட்டது.

கெர்மிட்டின் வடிவமைப்பாளர்கள் மோசமான இணைப்பையே மனத்தில் வைத்து நெறிமுறையை வகுத்தனர். சில பெரிய கணினிகள் நீண்ட வரிகளை ஏற்காது. ஆகவே கெர்மிட்டின் அடிப்படைப் பொதி 94 எழுத்துகளுக்குள் அடங்கியது. சில இணைப்புகள் கட்டுப்பாட்டுக் குறிகளை விழுங்கிவிடும். ஆகவே அவை '#' குறியைத் தொடர்ந்து அச்சிடக்கூடிய எழுத்தாக மாற்றி அனுப்பப்பட்டன. பல இணைப்புகள் ஒரு பைட்டின் எட்டு பிட்டுகளில் ஏழை மட்டுமே கடத்தும். எட்டாவது பிட் பாரிட்டி என்னும் பிழைகாண் குறிக்குப் போய்விடும். கெர்மிட் அத்தகைய பைட்டுக்கு முன் '&' குறியை இட்டு, எட்டாவது பிட்டை நீக்கிவிட்டு அனுப்பும். பெறும் பக்கம் '&' குறியைக் கண்டதும் அந்தப் பிட்டை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்.

பல்கலைக்கழகம் கெர்மிட்டைப் பிறர் படியெடுத்துப் பகிர அனுமதித்தது. அதனால் உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளுக்கு ஏற்ப அதை எழுதினர். 1989இல் மாஸ்கோவில் கெர்மிட்டுக்கெனப் பன்னாட்டு மாநாடு நடந்தது. 2011இல் கொலம்பியா தன் கெர்மிட் திட்டத்தை முடித்து, மென்பொருளைத் திறமூலமாக வெளியிட்டது.

தமிழும் எட்டாவது பிட்டும்

ஆங்கில எழுத்துகளும் எண்களும் 0 முதல் 127 வரையிலான மதிப்புகளில் அடங்கிவிடும். அவற்றுக்கு ஏழு பிட்டுகள் போதும். தமிழுக்கு உருவான 8-பிட் குறியாக்கங்களில் பல, ஆங்கிலத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, 128 முதல் 255 வரையுள்ள இடங்களில் தமிழை வைத்தன. எட்டாவது பிட் போய்விட்டால் ஆங்கிலக் கோப்பு பிழைத்துக்கொள்ளும்; தமிழ்க் கோப்பு முழுவதும் அழியும்.

தகுதரம் எனப்படும் டிஸ்கி குறியாக்கத்தில் 'தமிழ்' என்ற சொல் நான்கு பைட்டுகள்: த 190, ம 193, இகரக் குறி 162, ழ் 250. எட்டாவது பிட்டை நீக்கினால் ஒவ்வொன்றிலும் 128 குறையும். 62, 65, 34, 122 என்று அவை மாறும். திரையில் 'விடப் பெரியது' என்ற கணிதக் குறி, ரோமன் எழுத்து ஏ, மேற்கோள் குறி, ரோமன் எழுத்து இசட் ஆகியவை தோன்றும். எழுத்துரு எதை நிறுவினாலும் அதைத் தமிழாக்க முடியாது. எந்தப் பைட்டு தமிழாக இருந்தது, எது ஆங்கிலமாக இருந்தது என்னும் அடையாளமே போய்விட்டது.

கூட்டுத்தொகைச் சரிபார்ப்பும் இங்கே தனித்து உதவாது. முதல் நான்கு மதிப்புகளின் கூட்டல் 795. அதை 256ஆல் வகுத்தால் மீதி 27. கெட்டுப்போன நான்கின் கூட்டல் 283. அதையும் 256ஆல் வகுத்தால் மீதி 27. நான்கு பைட்டும் மாறியபின்னும் ஒரு பைட்டில் அடங்கும் கூட்டுத்தொகை மாறவில்லை. எக்ஸ்மோடத்தில் துண்டின் வரிசை எண்ணைச் சரிபார்க்கும் பைட்டும் இதே இணைப்பில் கெட்டுவிடும் என்பதால் அது மாற்றத்தையே நிறுத்திவிடும். அதாவது தவறான கோப்பு வராது, கோப்பே வராது. கெர்மிட் மட்டும் அந்த இணைப்பிலும் வேலை செய்யும். அதற்கான விலை நேரம். 'தமிழ்' என்ற நான்கு பைட்டுகள் நான்கு '&' குறிகளோடு சேர்ந்து எட்டாகச் செல்லும். முழுத் தமிழ்க் கோப்பு ஏறத்தாழ இரு மடங்காகும்.

மின்னஞ்சலிலும் இதே நிலைதான். 1982இல் வரையறுக்கப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறை ஏழு பிட்டுகளையே கடத்தியது. எனவே தமிழ்க் கோப்புகளை யுயுஎன்கோட் போன்ற முறைகளால் சாதாரண எழுத்தாக மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

இந்தியச் சூழல்

1984இல் தொடங்கிய கிளாஸ் என்னும் நடுவண் அரசுத் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. அவற்றின் நினைவகம் 32 கிலோபைட்டு. அவற்றின் வழக்கமான வட்டு வடிவம் ஐபிஎம் கணினிகளின் வடிவத்திலிருந்து வேறுபட்டது. பிபிசி மைக்ரோவில் சேமித்ததை ஐபிஎம் வகைக் கணினிக்கு மாற்ற நம்பத்தக்க வழி சீரியல் கம்பியே. அதற்கான கெர்மிட் ரோம் சில்லாகவே கிடைத்தது. கணினியைத் திறந்து அதற்குரிய குழியில் சில்லைப் பொருத்தினால், முதல் நிரலை ஏற்றும் சிக்கலே எழாது.

விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. முதலில் சேவை கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. அதில் குறைந்த கட்டணத்தில் கிடைத்த ஷெல் கணக்கில் எழுத்துத் திரை மட்டுமே வரும். இணையத்திலிருந்து எடுத்த கோப்பு முதலில் அந்நிறுவனத்தின் கணினியில் தங்கும். அதை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவர இசட்மோடம் அல்லது கெர்மிட் வேண்டும். பழைய எக்ஸ்டி கணினியும் ஒரு மோடமும் வைத்திருந்தவர்கள் இவ்வாறு இணையத்தைப் பயன்படுத்த முடிந்தது.

தமிழ்க் குறியாக்கங்களும் கோப்பு மாற்றமும்

1980களில் தனிக்கணினிக்குத் தமிழ் மென்பொருள்கள் தோன்றின. கனடாவில் ஸ்ரீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இந்தியாவில் சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டையைக் கணினியில் பொருத்தி டாஸ் மென்பொருள்களிலேயே இந்திய மொழிகளைப் பயன்படுத்தினர். 1990களில் அச்சகங்களும் இதழ்களும் தத்தமக்குக் கிடைத்த எழுத்துருக்களைப் பயன்படுத்தின. ஒவ்வொன்றும் எழுத்துகளை வெவ்வேறு எண்களில் வைத்தது.

இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடத்திலும் பரவிய பாமினி எழுத்துரு, தட்டச்சுப் பொறியின் விசை வரிசையைப் பின்பற்றிப் பெரும்பாலான தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே வைத்தது. ஆகவே ஏழு பிட் இணைப்பிலும் பாமினிக் கோப்பு பெரும்பாலும் கெடாமல் வரும். ஆனால் தமிழும் ஆங்கிலமும் கலந்த கோப்பில் எது எந்த மொழி என்று எழுத்துரு விவரம் இல்லாமல் பிரித்தறிய இயலாது.

கெர்மிட் நெறிமுறையில் 1980களின் பிற்பகுதியில் எழுத்துக் குறியாக்கங்களைத் தானே மாற்றித் தரும் வசதி சேர்க்கப்பட்டது. ரஷ்ய, ஜப்பானிய எழுத்துகளைப் பயன்படுத்துவோர் இதனால் பயனடைந்தனர். அப்போது தமிழுக்கு எல்லோரும் ஏற்ற ஒரே அட்டவணை இல்லை. அட்டவணை இல்லாதபோது எந்த மென்பொருளாலும் மாற்றித் தர இயலாது. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடந்த தமிழ் இணைய மாநாடுகளில் இக்குறை விவாதிக்கப்பட்டது. சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. இணையத் தமிழர்கள் டிஸ்கியைப் பின்பற்றினர். இறுதியில் ஒருங்குறியே நிலைபெற்றது. தமிழ்நாடு அரசும் 2010இல் அதை ஏற்றது.

1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், சரியான நேரத்தில் மாற்றுவதன் பயனுக்குச் சான்று. பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்கள் முதலில் அன்றைய குறியாக்கங்களில் வெளிவந்தன; பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. அதனால் இன்று கைப்பேசியிலும் அவற்றைப் படிக்க முடிகிறது. அதே ஆண்டுகளில் தட்டச்சு செய்யப்பட்டு, தட்டச்சு செய்த கணினியிலேயே விடப்பட்ட கோப்புகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

பழைய கோப்புகளை மீட்கும் முறை

பழைய கணினியோ வட்டோ கையில் கிடைத்த மாணவர் முதலில் செய்ய வேண்டியது, வட்டில் எதுவும் எழுதப்படாமல் காப்பது. 5.25 அங்குல வட்டின் பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். 3.5 அங்குல வட்டில் இதற்கு நேர்மாறாகச் சிறு துளை திறந்திருக்க வேண்டும். 'வட்டைப் படிக்க இயலவில்லை, வடிவமைக்கவா' என்று கணினி கேட்டால் ஒருபோதும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

கம்பி இணைப்பில் பலரும் தடுமாறும் இடம் ஊசிகளின் எண்கள். ஐபிஎம் வகைக் கணினியின் பின்புறத்தில் 25 ஊசிகள் நீட்டிக்கொண்டிருப்பது சீரியல் போர்ட். 25 துளைகள் கொண்டது அச்சுப்பொறிக்கானது. 9 ஊசிச் சீரியல் போர்ட்டில் 2 பெறுவது, 3 அனுப்புவது, 5 பொதுத் தரை. 25 ஊசியில் 2 அனுப்புவது, 3 பெறுவது, 7 பொதுத் தரை. ஒருவர் அனுப்புவது மற்றவர் பெறுவதோடு சேர வேண்டும். ஆகவே இரண்டும் 9 ஊசியானால் 2ஐயும் 3ஐயும் குறுக்காக இணைக்க வேண்டும். ஒன்று 9, மற்றது 25 என்றால் 2-2, 3-3, 5-7 என்று நேராகவே இணைக்கலாம். கெர்மிட்டுக்கு இந்த மூன்று கம்பிகளே போதும். இன்டர்சர்வரின் தானியங்கி நிறுவலுக்கு மட்டும் ஏழு கம்பிகளும் வேண்டும். இன்றைய கணினியில் யுஎஸ்பி-சீரியல் மாற்றியைப் பயன்படுத்தலாம்.

இரு பக்கமும் வேகமும் பாரிட்டியும் ஒன்றாக அமைய வேண்டும். முதலில் 1200 அல்லது 2400 பிட் வேகத்தில் ஒரு சிறு கோப்பை அனுப்பிப் பார்த்து, பிறகு வேகத்தைக் கூட்டுவது நல்லது. 9600 பிட் வேகத்தில் ஒரு 360 கிலோபைட்டு வட்டு முழுவதற்கும், தடங்கல் ஏதும் இல்லாவிட்டால், ஆறரை நிமிடம் ஆகும். 10 மெகாபைட்டு வன்தட்டுக்கு மூன்று மணி நேரம். கெர்மிட்டில் கோப்பு வகையை 'பைனரி' என்று அமைக்க வேண்டும். எழுத்துக் கோப்பு என்று அமைத்தால் அது வரி முடிவுகளையும் எழுத்துகளையும் மாற்ற முற்படலாம். எக்ஸ்மோடத்தில் பெற்ற கோப்பின் அளவு 128இன் மடங்காகக் கூடியிருக்கும். இறுதியில் உள்ள மிகைக் குறிகள் கோப்பின் பகுதியல்ல.

வலையமைப்பு அட்டை பொருத்த இயலும் கணினிகளுக்கு மைக்கேல் புரூட்மன் எழுதிய எம்டிசிபி என்னும் திறமூலத் தொகுப்பு உண்டு. 8088 செயலி கொண்ட கணினியிலும் அது இயங்கி எஃப்டிபி வழியாகக் கோப்புகளை அனுப்பும். அட்டைக்குரிய 'பாக்கெட் டிரைவர்' நிரலை முதலில் ஏற்ற வேண்டும். இவற்றைக் கணினிக்குள் கொண்டுசெல்லவும் பெரும்பாலும் வட்டோ சீரியல் கம்பியோ தேவைப்படும்.

கோப்பு வந்து சேர்ந்தபின் மூலப்படி ஒன்றைத் தொடாமல் தனியே வைக்க வேண்டும். மற்றொரு படியை என்எச்எம் கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் இட்டு ஒருங்குறியாக்கலாம். எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்பது தெரியாவிட்டால் மாற்றி எதுவும் சரியான விடை தராது. ஆகவே பழைய கணினியிலிருந்து எழுத்துருக் கோப்புகளையும் தமிழ் மென்பொருளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். தட்டச்சு செய்தவர் இருந்தால் அவரிடம் மென்பொருளின் பெயரைக் கேட்டு எழுதி வைப்பது பெரும் உதவி.

முக்கியத்துவம்

ஓலைச்சுவடி படியெடுக்கப்படாமல் கிடந்தால் செல்லரிக்கும் என்பதைத் தமிழுலகம் அறியும். நெகிழ் வட்டின் காந்தப் பூச்சு சுவடியைவிட வெகு விரைவில் கெடும். சுவடியைக் கண்ணால் பார்த்துப் படிக்கலாம். வட்டுக்கு இயக்கி, கணினி, மென்பொருள், எழுத்துரு ஆகிய நான்கும் வேண்டும். கம்பியும் நெறிமுறையும் முதல் இரண்டு தடைகளைக் கடக்க உதவுகின்றன. நாற்பது ஆண்டுக்கு முந்தைய கெர்மிட்டும் எக்ஸ்மோடமும் இன்றும் இயங்குகின்றன. மூன்றாம் தடையான குறியாக்கத்துக்கு உதவுவது அக்காலத்தில் தட்டச்சு செய்தவர்களின் நினைவு. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தால்தான், வந்து சேர்ந்த பைட்டுகள் தமிழாகும்.